கசர்மானுக்கு ஒரு சீட்

பிஷ்கெக் விமான நிலையத்தில், உள்நாட்டுப் பயணிகளின் கவுண்டரில் புருல் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவள் வெளிநாடு போனதில்லை. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இலவச டிக்கெட் உண்டுதான். கேட்டால், "எங்க போனாலும் அங்கயும் ஒருத்தி கவுண்டர்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போகணும்?" என்பாள்.

பத்தொன்பது வயதில் அவள் சேர்ந்தபோது மாஸ்கோவிலிருந்து நடந்த ஒரே ஒரு பெரிய கம்பெனிதான் இருந்தது. பிறகு சோவியத் உடைந்தது. அன்றைக்கு எங்கள் நிலையத்தில் எந்தெந்த விமானம் நின்றதோ அதெல்லாம் எங்களுடையது என்றார்கள். புதுக் கொடி வந்தது, கொடியிலிருந்த சூரியனை விமானத்தின் வாலில் வரைந்தார்கள், நாட்டுக்குச் சொந்தமாக ஒரு விமானக் கம்பெனி ஆயிற்று. சூரியனின் பெயிண்ட் காய்வதற்குள் எரிபொருள் தீர்ந்துபோனது என்று விமானிகள் கிண்டல் செய்வார்கள். டெல்லிக்கும் இஸ்தான்புல்லுக்கும் பறந்த பெண்களுக்குச் சிவப்பில் புது உடுப்பு தைத்துக் கொடுத்தார்கள். உள்நாட்டுக் கவுண்டருக்குப் பழைய நீலக் கோட்டே போதும் என்று பட்டனை மட்டும் மாற்றிவிட்டார்கள். புருலுக்கு அதில் கடைசிவரை ஆத்திரம் தீரவில்லை. நியாயமான ஆத்திரம்தான்.

பெரிய விமானங்கள் எந்த நாட்டுக்குப் பறந்தால் என்ன, எங்கள் ஜனங்களுக்கு வேண்டியிருந்தது மலைகளுக்கு நடுவே கிடக்கிற கசர்மானுக்குப் போகிற குட்டி விமானம். நவம்பர் வந்தால் கணவாய்ப் பாதை பனியில் மூடிக்கொள்ளும். மே மாதம்வரை கசர்மானுக்கு ஆகாயம் ஒன்றுதான் வழி. விமானத்தில் இருபத்தேழு சீட். ஓடுபாதை வழுக்குகிற நாட்களில் எடையைக் குறைக்கச் சொல்லி கேப்டன் ஓமுர்சாக் இருபத்துநான்கோடு நிறுத்திவிடுவார். கவுண்டருக்கு முன்னால் நாற்பது பேர் நிற்பார்கள். யார் ஏறுவது, யார் நிற்பது என்பது புருலின் பேனாவில் இருந்தது.

சோவியத் காலத்தில் அது சுலபம். ஊர் டாக்டர் கையெழுத்துப் போட்ட தந்தியோடு வந்தால் வரிசையைத் தாண்டி சீட். தந்தி ஒழிந்து போன் வந்தபிறகு காகிதம் இல்லை, வாய் வார்த்தைதான். அதில்தான் சிக்கல். சாவுச் செய்தியைப் போனில் சொல்வது எங்கள் ஆட்களுக்கு ஆகாது. தொலைவில் இருக்கிற பிள்ளையிடம் "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போ" என்றுதான் சொல்வார்கள். பிள்ளை ஊருக்கு வந்து சேர்ந்தபிறகு, பெரியவர்கள் நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வார்கள். அதுவரை வழியெல்லாம் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள்போல நடந்துகொள்வார்கள். பிள்ளை வரும்வரை அடக்கமும் நடக்காது. மூன்று நாள்வரை காத்திருப்பார்கள்.

புருல் அதை அனுபவித்தவள். இருபத்துநாலு வயதில், "அப்பாவுக்கு லேசா காய்ச்சல்" என்று செய்தி வந்து, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு ஊருக்குப் போனாள். வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து பெண்கள் ஒப்பாரி வைக்கிற சத்தம். அன்றிலிருந்து "கொஞ்சம் முடியல" என்று யாராவது சொன்னால், அவள் மனதுக்குள் அந்த வீட்டுக்காரரை அடக்கம் செய்துவிடுவாள். பதினைந்து வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பவில்லை என்று அவளுக்குப் பெருமை வேறு.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இருபத்துமூன்று பெயர் எழுதியாகிவிட்டது. ஒரு சீட் பாக்கி. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் சபீரா, ரொட்டி ஆலையில் வேலை.

"அக்கா, இன்னிக்கு எப்படியாவது என்னை ஏத்தி விட்டுடுங்க. அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, உடனே கிளம்பி வான்னு நேத்து போன் வந்துச்சு."

"என்ன பண்ணுதாம்?"

"நெஞ்சு வலி. ஊசி மருந்து அங்க ஆஸ்பத்திரியில இல்லையாம். இங்க நாலு கடை அலைஞ்சு வாங்கிட்டேன்."

புருல் அந்த மருந்துப் பொட்டலத்தைப் பார்த்தாள். பாவம், இந்தப் பிள்ளையும் விஷயம் தெரியாமல் கிளம்பி வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு தொப்பி முண்டியடித்துக்கொண்டு வந்தது. இஷென்பாய் என்கிற ஆட்டுப்பண்ணைக்காரர்.

"ஏம்மா, நீ பேனாவத் தூக்கிப் பிடிச்சிட்டு இருந்தா விமானம் பறந்துடுமா? நாளைக்கு என் மகன் கல்யாணம்! சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தாச்சு. பொண்ணு காதுல மாட்ட வேண்டிய தோடு என் பாக்கெட்ல கிடக்கு!"

"மூணு நாளா டவுன்ல இருக்கீங்களே அண்ணே, தோடு வாங்க வந்தீங்களா, செய்யக் கத்துக்க வந்தீங்களா?"

"கேலி பண்ணு, பண்ணு. நான் போய்ச் சேரலைன்னா என் பொண்டாட்டி என் காதை அறுத்து அந்தப் பொண்ணுக்கு மாட்டிடுவா!"

வரிசை முழுக்கச் சிரித்தது. சபீராகூடச் சிரித்தாள்.

புருல் யோசித்தாள். அதிக நேரம் இல்லை, ஒரு மிடறு டீ குடிக்கிற நேரம். கல்யாணத்தைத் தள்ளிப் போட முடியாது. சபீராவின் அம்மாவை மகள் வராமல் எடுக்கப் போவதில்லை. நாளைக்கும் ஒரு விமானம் உண்டு. இன்னும் ஒரு நாள், அந்தப் பெண்ணுக்கு அம்மா இருப்பதாகவே இருக்கட்டுமே. கடைசி வரியில் இஷென்பாய் என்று எழுதினாள்.

சபீரா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் புருலுக்குத் தோன்றும்.

"அப்போ இந்த மருந்தையாவது கேப்டன்கிட்ட கொடுத்து விடுங்கக்கா. தங்கச்சி வந்து வாங்கிக்குவா."

கடிதம், கண்ணாடி, பிள்ளைக்கு ஷூ என்று ஓமுர்சாக் பையில் எதைத்தான் கொடுத்து விட்டதில்லை? ஆனால் சாவு வீட்டு வாசலில் போய் மருந்துப் பொட்டலத்தை நீட்டினால் எப்படி இருக்கும் என்று புருல் நினைத்தாள். அந்தத் தங்கச்சி தாங்குவாளா?

"எதுக்கும்மா, நாளைக்கு நீயே போய் உன் கையால கொடு. மக கையால வாங்கினா மருந்து சீக்கிரம் பிடிக்கும்."

சொல்லிவிட்டு, இவ்வளவு பக்குவமாகப் பேச நமக்கு வருகிறதே என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள். டீ ஊற்றிக் கொடுத்தாள். தன் மேஜைக்குள் இருந்த உப்புத் தயிர்க்கட்டிகளை எடுத்து நீட்டினாள். முன்பின் தெரியாத பெண்ணின் தலையைத் தடவிக் கொடுத்தாள். சபீராவுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை பனி கொட்டியது. விமானம் எழவில்லை. வியாழக்கிழமையும் அப்படியே. சபீரா இரண்டு நாளும் கூடத்து நாற்காலியிலேயே கிடந்தாள். மருந்து குளிரில் உறைந்துவிடக் கூடாதென்று பொட்டலத்தைக் கோட்டுக்குள், வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள். புருல் வீட்டிலிருந்து சூப் கொண்டுவந்து கொடுத்தாள்.

வியாழன் மதியம் கசர்மான் ரேடியோக்காரன் வழக்கம்போல வானிலை சொல்லக் கூப்பிட்டான். சொல்லி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அங்க சபீரான்னு ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா?"

"இருக்கா."

"நாளைக்கு எப்படியாவது ஏத்தி விட்டுடு. அவகிட்ட ஒண்ணும் மூச்சு விடாதே. அவங்க அம்மா போயிட்டாங்க."

"அது தெரிஞ்சதுதானே" என்றாள் புருல்.

"எப்படித் தெரியும்? இன்னிக்கு விடியக்காலைலதானே போனாங்க."

புருல் ரேடியோவைப் பிடித்தபடியே நின்றாள். இன்னிக்கா என்று கேட்டாள். இன்னிக்குத்தான், அஞ்சு மணிக்கு, இங்க ஆஸ்பத்திரியில என்றான். மருந்து வரும் வரும்னு டாக்டர் செவ்வாய்க்கிழமையே விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார் என்றும் சொன்னான். அவன் சும்மா பேச்சுவாக்கில் சொன்னதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சபீரா ஆப்பிள் ஒன்றைத் துண்டு போட்டுப் பக்கத்து நாற்காலிப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று புருலின் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. முதலில் தெரியாததைத் தெரிந்ததாக நினைத்தாள். இப்போது தெரிந்ததைத் தெரியாததுபோல நடிக்க வேண்டியிருந்தது. நடித்தாள்.

வெள்ளிக்கிழமை வானம் தெளிந்தது. பட்டியலில் முதல் பெயர் சபீரா. விமானத்தின் பின்பக்கப் படியில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்து, கோட்டின் வயிற்றுப் பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். மருந்து பத்திரம் என்று அர்த்தம். புருல் கையை ஆட்டினாள்.

அதன்பிறகு அவளுக்கு நினைக்க நினைக்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இஷென்பாயின் தோட்டைக் கேப்டனின் பாக்கெட்டில் போட்டு அனுப்பியிருக்கலாம்; மாமியார் மாட்டிவிடப் போகிற தோட்டுக்கு மாமனார் எதற்கு? ரேடியோவில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதெல்லாம் வேண்டாம், மருந்தை மட்டும் வாங்கிக் கொடுத்து விட்டிருக்கலாம். பொட்டலம் ஒரு கைக்குட்டை கனம்கூட இருக்காது. அதற்குச் சீட் வேண்டாம், பட்டியல் வேண்டாம், அவளுடைய கெட்டிக்காரத்தனமும் வேண்டாம்.

கம்பெனி பிறகும் பத்து வருஷம் பறந்தது. விமானங்கள் ஒவ்வொன்றாக ஓரத்தில் நின்றன, உதிரிப் பாகத்துக்காக ஒன்றைப் பிரித்து இன்னொன்றைப் பறக்கவிட்டார்கள், கசர்மான் வாரத்துக்கு ஒருமுறை ஆனது, பிறகு நின்றே போனது. கடைசியில் கம்பெனியையே மூடினார்கள். அன்றைக்குப் பலர் அழுதார்கள். புருல் அழவில்லை. அவள் அழுதது சபீராவின் அம்மா இறந்த அந்த வருஷமே, மார்ச் மாதக் கடைசியில், ஒரு காலை பதினொரு மணிக்கு.

அம்மாவுக்கு நாற்பதாம் நாள் சடங்கு முடித்துவிட்டு சபீரா கசர்மானிலிருந்து வந்து இறங்கினாள். நேரே கவுண்டருக்கு வந்தாள். சின்ன மூட்டையை அவிழ்த்து, நாற்பதுக்குச் சுட்ட போர்சோக் அப்பங்கள் ஏழெட்டை புருலின் கையில் வைத்தாள்.

"அந்த மூணு நாளும் கூடப்பொறந்தவ மாதிரி பார்த்துக்கிட்டீங்க. அம்மா பேரால சாப்பிடுங்கக்கா."

புருலால் தாங்க முடியவில்லை. வரிசையில் ஆள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தன் அப்பாவைச் சொன்னாள், ஆரஞ்சுப் பழத்தைச் சொன்னாள், செவ்வாய்க்கிழமையைச் சொன்னாள். "உங்க அம்மா முன்னாடியே போயிட்டாங்கன்னு நினைச்சிட்டேன்மா. நம்ம ஆளுங்க அப்படித்தானே சொல்லுவாங்க. உனக்குச் சொல்லாம மறைக்கிறாங்கன்னு நினைச்சிட்டேன். அதான் மருந்தையும் வாங்கல."

கோபப்படுவாள், கத்துவாள் என்று புருல் காத்திருந்தாள்.

"போன் பண்ணது யாருன்னு நீங்க கேக்கவே இல்லையேக்கா" என்றாள் சபீரா. "அம்மாதான் பேசினாங்க."

மூட்டையை முடிந்துகொண்டு அவள் பஸ் நிற்கிற பக்கம் போய்விட்டாள். போர்சோக் புருலின் கையில் இருந்தது. இறந்தவர் பேரால் கொடுத்ததை எங்கள் ஆட்கள் யாரும் வேண்டாம் என்று வைப்பதில்லை. அழுதுகொண்டே, கவுண்டருக்குப் பின்னால் நின்று, ஒன்று விடாமல் சாப்பிட்டாள்.