கோழிக்கு எண்ணெய் தேய்த்த சனிக்கிழமை

என் மனைவி வளர்க்கும் கோழியை நான் கொல்லப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், எங்கள் தெருவில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. காரணம் என் வாய்தான். கோழி வந்த நாள் முதல் இரண்டு வருஷமாக, "இதை எப்போ குழம்பு வைக்கப் போறே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பால்காரர் நிற்கும்போது கேட்டேன், விருந்தாளிகள் முன்னால் கேட்டேன். அடுத்த வீட்டு டீச்சரிடம் மதில் வழியாக, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாள நாட்டுக்கு வந்து, ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள். மீனும் கோழியும் சாப்பிடுகிற குடும்பம். அதனால் நான் சொன்னதை வெறும் பேச்சு என்று தள்ளிவிட யாருக்கும் அவசியமில்லை. என் கோபத்திலும் நியாயம் இருந்தது. நான் ஓய்வு பெற்று நிம்மதியாகப் பேப்பர் படிக்க உட்கார்ந்தால், அந்தக் கோழி ஹாலுக்குள் நடந்துவந்து பேப்பரின் மேலேயே ஏறி நிற்கும். அடுத்து என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் மனைவியோ, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி "மக்களே, இங்க வா" என்று அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டுவாள், ஈரத்துணியால் காலைத் துடைப்பாள். எனக்கு ஒரு நாளும் நகம் வெட்டிவிட்டதில்லை.

இந்த மழைக்காலத்தில் அவளுடைய அக்காவுக்கு நாகர்கோவிலில் முழங்கால் முட்டு ஆபரேஷன். இவள் பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போனாள். எனக்குச் சோறு வைக்கச் சொல்லித்தந்தது ஐந்து நிமிஷம். கோழியைப் பற்றிச் சொன்னது அரை மணி நேரம்.

முதல் ஒரு வாரம் பிழையில்லாமல் போயிற்று. அப்புறம்தான் கோழி சதா உடம்பைக் கொத்திக்கொண்டே இருப்பதைக் கவனித்தேன். வெள்ளிக்கிழமை பிடித்துச் சிறகைத் தூக்கிப் பார்த்தால், இறகின் அடியெல்லாம் செள்ளு. பொடிப்பொடியாக ஊர்ந்துகொண்டிருந்தது. என் கைமேலும் நான்கைந்து ஏறிவிட்டது. கோழிகள் காய்ந்த மண்ணில் புரண்டுதான் இந்தப் பேனை உதிர்க்கும். மாமரத்தடியில் இது வழக்கமாகப் புரளும் குழி மழையில் சேறாகிக் கிடந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விஷயம். அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று: மறுநாள் சாயங்காலம் என் மனைவி வருகிறாள்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் ஆண்களுக்கு எண்ணெய்க் குளி நாள். தலையில் பேனா, எண்ணெய் தேய். உடம்பு சூடா, எண்ணெய் தேய். பரீட்சையில் தோற்றாயா, போய் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வா. இப்படி வளர்ந்தவன் நான். என் தலைக்குத் தேய்த்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தேன், நல்லெண்ணெய் மிச்சம் இருந்தது. கோழி கொல்லைப் படியில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு தரம் யோசிக்காமல் தூக்கிவிட்டேன்.

முதலில் அதற்குப் பிடித்துத்தான் இருந்தது. கழுத்திலிருந்து வால் வரைக்கும் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கால் மணி நேரம் ஊறவிட்டு, வெந்நீரும் சீயக்காயும் போட்டு அலசினேன். எண்ணெய் போகவில்லை. மறுபடியும் சீயக்காய் போட்டேன். எண்ணெயும் பொடியும் தண்ணீரும் சேர்ந்து குழம்பி, இறகு முழுக்கத் தோலோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவு பெரிய கோழி ஒரு கைப்பிடி ஆகிவிட்டது. நடுங்க ஆரம்பித்தது. ஜலதோஷம் பிடிக்கக் கூடாதே என்று, குளித்ததும் நாம் உச்சியில் தேய்க்கிற ராஸ்னாதிப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து அதன் தலையிலும் தேய்த்தேன். மூன்று தும்மல் தும்மிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டது.

வெளியே அடைமழை. வெயில் என்கிற பேச்சே இல்லை. இரண்டு துண்டை மாற்றி மாற்றித் துடைத்தும் ஈரம் போகவில்லை. கோழி செத்தால் செத்ததுதான், ஆனால் என் மனைவியிடம் என்ன சொல்வேன்? தவறிப்போய் நடந்தது என்றால் எந்த மடையன் நம்புவான்? இரண்டு வருஷமாகக் குழம்பு குழம்பு என்று கத்தியவன், அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எண்ணெயும் பொடியும் தடவியிருக்கிறான். போலீஸ்காரன் வந்தால்கூட என்னைத்தான் பிடிப்பான்.

மதிலருகே ஓடி டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் வீட்டில் ஆறு கோழிகள் உண்டு. குடையோடு வந்த டீச்சர், துண்டுக்குள் இருந்ததைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"அய்யோ சாரே, கறி வெக்கான் தொடங்ஙியோ?"

கறி வைக்கத் தொடங்கிவிட்டேனா என்று அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

"இல்லே டீச்சரே, குளிப்பிச்சதாணு. செள்ளு இருந்துது. சத்தியமாட்டு" என்றேன். என் மலையாளமும் தமிழும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், என் தலையில் வழிந்துகொண்டிருந்த எண்ணெயைப் பார்த்தார். நம்பிவிட்டார். உடனே தனக்குத் தெரிந்த மிருக டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

டாக்டரம்மா மலையாளத்தில் மளமளவென்று சொன்னார். கோழி இறகில் இயற்கையாகவே ஒரு மெழுக்கு உண்டு, அதுதான் உடம்புச் சூட்டைக் காப்பது. நம் எண்ணெய் பட்டால் இறகெல்லாம் ஒட்டிக் குளிர் நேரே தோலில் இறங்கும். உடனே எண்ணெயை எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்டுக் கழுவுங்கள், முகத்தில் படக்கூடாது, சோப்பு துளி மிஞ்சாமல் அலசி, இறகின் அடிவரைக்கும் காய வையுங்கள், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் கொண்டு வாருங்கள் என்றார். கடைசியில், "கோழிக்கு ஆராணு எண்ணெ தேச்சது?" என்று கேட்டார்.

"அடுத்த வீட்டிலெ சார்" என்றார் டீச்சர்.

பிறகு, "ஓ, இந்நு சனியாழ்ச்சயல்லே" என்று டாக்டரம்மா சனிக்கிழமையை வைத்துத் தானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

இரண்டாவது குளி நடந்தது. டீச்சர் சிறகை அமுக்கிப் பிடிக்க, நான் சோப்பு நுரையால் இறகு இறகாகக் கழுவினேன். மூன்று வாளி தண்ணீர் ஆயிற்று. எண்ணெய்ப் பிசுக்கு விட்டது. டீச்சர் வீட்டில் அடுப்பில் சோறு, அவர் போய்விட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் விட்டுப்போன ஹேர் டிரையரைத் தேடி எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து கோழியை மடியில் வைத்துக்கொண்டு, குறைந்த சூட்டில் பிடித்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கரண்ட் போய்விட்டது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தைக் காட்ட ஆள் இல்லை. மழையைத் திட்டினேன், கரண்ட்டைத் திட்டினேன், என்னைத்தான் அதிகம் திட்டினேன். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றி, கோழியை நெஞ்சோடு வைத்து மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டேன். அதன் நடுக்கம் எனக்குள்ளேயே நடுங்குகிற மாதிரி இருந்தது. "மக்களே, செத்துப் போயிராதே. ஒன்ன ஒண்ணும் செய்யமாட்டேன்" என்று சொன்னேன். என் பிள்ளையிடம்கூட அப்படிக் கெஞ்சியதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. மனைவி என்ன சொல்வாள் என்ற பயம் அந்த நேரத்தில் போய்விட்டது. இந்த உயிர் போய்விடுமோ என்ற பயம்தான் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. மறுபடியும் டிரையர். அடிவயிற்றைக் காய வைத்தேன், தொடையைக் காய வைத்தேன். இடது பக்கம் பிடித்தபோது கோழி தானாகவே சிறகை விரித்து அடிப்பக்கத்தைக் காட்டியது. நடுக்கம் நின்றிருந்தது. அப்பாடா என்று மூச்சு விடப்போன நேரம், அதன் தலை பொத்தென்று என் கையில் சாய்ந்தது.

"அய்யோ!" என்று கத்தினேன். கோழி கண்ணைத் திறந்து, என் கட்டைவிரலில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தியது. தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. விரலில் ரத்தம் வந்தது. நான் சிரித்தேன், கூடவே அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதேன். கொஞ்சம் சோறு வைத்ததும் தட்டு காலியாகும் வரை தின்றது.

ஐந்தரைக்கு ஆட்டோவில் என் மனைவி வந்து இறங்கினாள். இதை மூச்சுவிடக் கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தேன். கோழி பஞ்சுமூட்டை மாதிரி உப்பிக்கொண்டு ஓடியது. அவள் தூக்கினாள், மோந்து பார்த்தாள். எலுமிச்சை சோப்பு வாசனை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன்.

"எண்ணெயைப் பச்சையாட்டா தேச்சிய?" என்று கேட்டாள்.

"இல்லே, லேசா சூடாக்கி. மணிக்கட்டுல விட்டுப் பாத்துட்டுத்தான்."

"கண்ணுல விழல்லையே?"

"கையை வச்சு மறைச்சுக்கிட்டேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

"நான் வேணும்னு செய்யல்லே கேட்டியா" என்றேன். "குழம்பு வைக்கணும்னு சொல்லிட்டே இருந்தேன், அதனால நீ நினைச்சிருப்பே…"

"என்னத்தை நினைக்கதுக்கு?" என்றாள். நான் சொல்வது அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "டீச்சர் வீட்டுல ஆறு கோழி நிக்கி. கூட ஒண்ணு விட்டா அவங்க வேண்டாம்னா சொல்லுவாங்க? ஒங்ககிட்டத்தானே விட்டுட்டுப் போனேன்?"

கோழியை என் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள். தெருவே நம்பிய என் பேச்சை அவள் ஒரு நாள்கூட நம்பியிருக்கவில்லை.