முப்பத்துநான்கு நாள்

திரேஸ்புரம் பிலோமி தன் புருஷனோடு இருந்த நாட்களை எண்ணியே வைத்திருந்தாள். 1965இல் கல்யாணம். செபாஸ்டினுக்கு வெளிநாட்டுக் கம்பெனிக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. பதினோரு வருஷத்தில் அவன் வீட்டில் தங்கியது முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாள். மற்ற நாளெல்லாம் ஆணியில் தொங்கும் அவன் சட்டையோடுதான் குடித்தனம். வாரம் தவறாமல் அதைத் துவைத்து, காயப்போட்டு, மறுபடி மாட்டுவாள். "உடுத்தாத சட்டைய எதுக்குளா துவைக்க?" என்று பக்கத்து வீட்டு ரோஸ் கேலி செய்தால், "தூசி அடையுதுல்லா" என்பாள். பைத்தியக்காரிதான். ஆனால் அந்தத் தெருவில் கப்பல்காரன் பெண்டாட்டி எவள் தெளிவாக இருந்தாள்?

1976இல் வருமான வரி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு செபாஸ்டின் கப்பலில் வாங்கிய சம்பளம் முழுவதற்கும் வரி கட்டச் சொன்னது. கட்டுவதென்றால், பிலோமியின் அம்மா சீதனமாகக் கொடுத்த வீட்டை விற்றாக வேண்டும். அவனோ நடுக்கடலில். நாசரேத்துக்காரரான ஆடிட்டர் கிருபாநிதியிடம் ஓடினாள்.

அவர் கடிதத்திலிருந்த தேதிகளை விரல் வைத்து எண்ணினார்.

"ஜூலை நாலாந்தேதி கொச்சியில எறங்கியிருக்காரு. ஆகஸ்டு ஆறு அங்கேயே கப்பலேறியிருக்காரு. முப்பத்துநாலு நாள். வருசத்துல ஆறு மாசம் அவருக்குன்னு இங்க ஒரு வீடு இருந்து, அவரும் முப்பது நாள் இந்தியாவுல இருந்துட்டா, சட்டப்படி அவரு இங்கத்த ஆளு. எந்தக் கடல்ல சம்பாதிச்சாலும் வரி உண்டும்மா."

"முப்பதுக்குக் கொறஞ்சிருந்தா சார்?"

"தப்பிச்சிருப்பாரு."

பிலோமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆகஸ்டு ஒன்றாம் தேதியே கப்பலேற வேண்டியவன் அவன். இருபத்தொன்பது நாளோடு போயிருப்பான். "மாதா தேரைப் பாத்துட்டுப் போங்களேன்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் இவள்தான். அவனும் மனம் இளகி, வேறு கப்பலுக்கு மாற்றிக்கொண்டு, ஐந்தாம் தேதி தேர் பார்த்த கையோடு கொச்சிக்குப் பஸ் ஏறினான். அந்த ஐந்து நாளை நினைத்து நினைத்து எத்தனை மாதம் சந்தோஷப்பட்டிருக்கிறாள்! இப்போது தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கிருபாநிதி இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "அது ஒங்க சீதன வீடு. தையல் தச்சு நீங்களே நடத்துறீங்க. அவருக்காக வச்சிருக்கிற வீடு இல்லன்னு எழுதிக் கொடுங்க. அப்போ முப்பது நாள் கணக்கு நிக்காது, அறுபது வேணும். ஆனா வீட்டப் பாக்க ஆள் வரும்."

வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் அது அவன் வீடே இல்லை என்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவன் குடும்பம் நடத்தியிருப்பானா என்ன? பிலோமி அவன் சட்டை, சவரப் பெட்டி, செருப்பு, தலையணை எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் அடைத்து ரோஸ் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். சட்டை தொங்கிய ஆணியில் காலண்டரை மாட்டினாள். சாவு வீட்டைக் கழுவிவிடுவதுபோல் இருந்தது அவளுக்கு.

இன்ஸ்பெக்டர் தளவாய் வந்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்.

"ஒங்க வீட்டுக்காரரு வந்தா எங்கம்மா தங்குவாரு?"

"இங்கனதான் சார். விருந்தாளி மாரி வருவாரு, போயிருவாரு."

வாய்கூசாமல் பொய் சொல்ல வேண்டுமே என்று நாலு நாளாக மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். சொல்லி முடித்த பிறகுதான் அதில் பொய்யே இல்லை என்று உறைத்தது. தளவாய் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட அவளுக்கு நேரம் பிடித்தது.

வரி தள்ளுபடியானது. "எதையும் திருப்பி எடுத்து வைக்காதீங்க. அடுத்த வருசமும் ஆள் வந்தாலும் வரும்" என்று கிருபாநிதி எச்சரித்தார். நடந்ததையெல்லாம் பிலோமி செபாஸ்டினுக்குக் கடிதத்தில் எழுதிப் போட்டாள்.

அடுத்த ஜூலையில் செபாஸ்டின் வந்தான். பிலோமி வாசலுக்கு ஓடினாள். அவன் உள்ளே வந்து காலண்டர் தொங்கும் ஆணியைப் பார்த்தான். ஒற்றைத் தலையணை மட்டும் கிடந்த கட்டிலைப் பார்த்தான். தோளில் இருந்த பையை இறக்காமல் நடுவீட்டிலேயே நின்றான்.

"ஏளா பிலோமி, இந்தப் பைய எங்கன வைக்கட்டும்?"

இத்தனை வருஷத்தில் அவன் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.