வலப்பக்கம் போன எலும்பு

அல்லாஹ்வின் படைப்பில் குறை கண்டால் நாக்கு அழுகிவிடும் என்பார் மாமி, அதாவது என் மாமியார். அழுகினால் அழுகட்டும், சொல்லத்தான் போகிறேன். சோற்றுக்கும் காற்றுக்கும் ஒரே தொண்டையை வைத்து, மூச்சுக்குழாய் வாசலில் ஒரு குட்டி மூடியை வைத்தால் ஆயிற்றா? விழுங்கும்போது அது மூட வேண்டும், பேசும்போது திறக்க வேண்டும். வாயில் பிரியாணியோடு கதையளக்கிற என்னைப் போன்றவளிடம் அந்த மூடி என்ன பாடுபடும்!

போன வருஷம் திருப்பத்தூரில் ஒரு கல்யாணம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமி என் பல்லை எண்ணாத குறையாகப் பார்த்ததைப் பந்தியில் நடித்துக் காட்டிக்கொண்டே சாப்பிட்டேன். நிமிர்ந்தால் எதிர்வரிசையில் மாமி. சிரிப்பும் கோழியும் ஒன்றாக உள்ளே போய்ப் புரை ஏறியது. கண் பிதுங்கியது. ஆளாளுக்கு உச்சந்தலையில் தட்டினார்கள். முதுகில் தட்ட ஒருத்திக்கும் தோன்றவில்லை. புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது எங்கள் ஊர் வைத்தியம். நான் மூச்சுக்குத் தவிக்க, நினைத்தது யார் என்று பந்தியே ஆராய்ந்தது.

"வேற யாரு, எம் மகந்தேன்," என்றார் மாமி.

அந்த மகன்தான் என் புருஷன், துபாயில் இருக்கிறார். போனில் மோட்டார் ஓடுதா, கேஸ் வந்துச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அந்த மனுஷன் பட்டப்பகலில் என்னை நினைக்கிறாராமே! மூச்சு முட்டிய நிலையிலும் எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. தண்ணீர் குடித்தேன், அடங்கியது.

அப்புறம் இருமல் பிடித்தது. நான் இருமும்போதெல்லாம், "இவன் அங்க வேலை பாக்குறானா இல்லையா," என்று மாமி கேலி செய்வார். நானும் வெட்கப்பட்டுக்கொண்டே இருமினேன். மாதக்கணக்கில் இருமினேன். மருந்து புட்டி புட்டியாகக் காலியானதுதான் மிச்சம். காய்ச்சல் வந்தது, சளியில் ரத்தம் தெரிந்தது. தெருவில் காசநோய் என்று காதோடு காதாகப் பேசினார்கள். மாமி என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார், பிள்ளைகளை என் பக்கத்தில் விடவில்லை. மகன் நினைக்கிறான் என்ற பேச்சும் நின்றது. பிள்ளைகளை விட்டுப் போய்விடுவேனோ என்று பயந்து அழுதேன். பாழாய்ப்போன இருமல் அழக்கூட விடவில்லை.

மதுரையில் ஒரு டாக்டரம்மா சளியைச் சோதித்துவிட்டுக் காசநோய் இல்லை என்றார். ஸ்கேனைக் காட்டிப் படமும் வரைந்தார். தலைகீழாக நட்ட மரம் போல மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. கிளைக்குள் கிளையாகப் போய், நுனியில் பொடிப் பொடிக் காற்றுப்பைகள். காற்று அங்கேதான் ரத்தத்தில் கலக்கிறதாம். இடப்பக்கம் இதயத்துக்கு இடம் விட்டு அந்தக் கிளை சாய்ந்து ஒடுங்கிப் போகிறது. வலக்கிளை அகலம், கிட்டத்தட்ட நேராக இறங்குகிறது. தவறி விழுவது பெரும்பாலும் வலப்பக்கம்தான் போகுமாம். எனக்கும் அங்கேதான் ஏதோ அடைத்து, அதற்குக் கீழே சீழ் கட்டியிருந்தது. சாப்பிடும்போது எப்போதாவது புரை ஏறியதா என்று கேட்டார்.

"ஏறுச்சே. எம் மகன் நெனச்சான்ல, அன்னைக்கு," என்றார் மாமி.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு மாமியையே பார்த்தார்.

குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்று துபாய்க்குச் சொன்னோம். அன்றைக்கு மோட்டாரைப் பற்றி அவர் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து நான் கண் விழித்தபோது கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சின்னப் புட்டி, அதற்குள் நகக்கண் அளவு கோழி எலும்பு.

"திருப்பத்தூர்க் கல்யாணத்தன்னைக்கு என்னைய நெனச்சீகளா மச்சான்?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அன்றைக்கு லீவு, தூங்கிக்கொண்டிருந்தேன் என்றார். புட்டியை என் கையில் வைத்தார்.

"குழா விடப்போறாகன்னு கேட்டதுலருந்து எனக்கு மூச்சே ஒழுங்கா வரல, புள்ள."

நான் இருமாமல் அழுதேன்.

மாமி என் தட்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டார். மன்னிப்பெல்லாம் கிடையாது. கறியில் எலும்பைப் பொறுக்கிவிட்டு எனக்குப் போடுகிறார், அவ்வளவுதான். மச்சான் துபாய்க்குத் திரும்பியாயிற்று. இப்போது தினமும் மதியம் போன் வருகிறது, அதுவும் சரியாக நான் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது. சாப்பிடும்போது பேசாதே என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார். மென்று விழுங்கிவிட்டு எடுக்கிறேன்.