கருக்கிய ரொட்டிக் காப்பி

ஓரம் மட்டும் கருகினால் போதாது. நடுவும் கரியாகிப் புகைய வேண்டும். மண் ஓட்டின் மேல் மக்காச்சோள ரொட்டியை வெறும் விரலால் புரட்டுகிறாள் கத்தால். பிறகு அதை அம்மியில் நுணுக்கிக் கொதிநீரில் கொட்டுகிறாள். மலையில் விளையும் காப்பிக்கொட்டை லாரியேறிக் குவாத்தமாலா நகரத்துக்குப் போய்விடும். ஊர் குடிப்பது இந்தக் காப்பியைத்தான். பல் முளைத்த பிள்ளைக்கும் இதுதான்.

அவள் மகன் மாஷுக்கு நாலு வயது. பார்த்தால் இரண்டு. உதட்டோரம் ஆறாத புண்.

"உம் மவனுக்குப் போன வருஷத்துச் சட்டையே தொளதொளன்னு இருக்கே," என்பாள் பக்கத்து வீட்டு பெலிப்பா.

"எனக்குத் துணி மிச்சம்டி," என்பாள் கத்தால். சிரிக்கமாட்டாள்.

கோழி வளர்க்கிறாள். முட்டைகள் சந்தைக்குப் போகும். பதிலுக்குச் சோளம் வரும். வயிற்றுப்போக்கு குளிர்ச்சியால் வருவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் அதன் குணம் குளிர்ச்சி; கருக்கிய சோளம் சேர்ந்தால்தான் சூடு. ஆகவே மாஷின் பேதிக்கு நர்ஸ் ஒடிலியா கொடுத்த ஜிங்க் மாத்திரையைக் காப்பியில் கரைத்தே கொடுத்துவந்தாள்.

ஒடிலியா இதே ஊர்ப் பெண். விஷயம் தெரிந்ததும் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, சோளம் இந்த மருந்தை இறுக்கிப் புடிச்சுக்கும். ஒடம்புல சேரவிடாம வெளியே இழுத்துட்டுப் போயிடும். கொதிக்கவச்சு ஆத்துன தண்ணி, ஒரு கரண்டி. அவ்வளவுதான் கேக்குறேன்."

"சோளமா எம் புள்ளகிட்ட திருடும்? நம்ம சதையே சோளம்தான்டி."

"சதை எங்கக்கா இருக்கு இவன்கிட்ட? ஒரு முட்டையாவது குடுங்க. இன்னொரு பேதிய இவன் தாங்கமாட்டான்."

"தாங்கணும்னுதான சூடா குடுக்குறேன்." கத்தால் ரொட்டியைப் புரட்டினாள். "மூத்தவளுக்கும் தண்ணியிலதான் குடுக்கச் சொன்னாங்க. குடுத்தேன். பொழுது சாயறதுக்குள்ள போயிட்டா. அப்ப நீ பள்ளிக்கூடம் போயிட்டிருந்த."

"அவ ஒடம்புல அப்பவே ஒண்ணும் மிச்சமில்லக்கா. தண்ணி கொல்லல."

ஒடிலியா தானே ஒரு மாத்திரையைக் கரண்டித் தண்ணீரில் கரைத்து மாஷின் வாயில் விட்டாள். கத்தால் தடுக்கவில்லை. நர்ஸ் சரிவில் இறங்கி மறையும்வரை காத்திருந்தாள். பிறகு பிள்ளையை மடியில் போட்டு, ஒரு கோப்பைக் காப்பியை ஊதி ஊதிக் குடிக்கவைத்தாள்.

மறுநாள் மழை. விடியலிலேயே மாஷுக்கு இரண்டு தடவை போயிற்று. "நேத்துக் குடிச்ச தண்ணி," என்று பெலிப்பாவிடம் சொன்னாள் கத்தால். மூன்று முட்டைகளை வைக்கோல் சுற்றிக் கூடையில் வைத்தாள். ரொட்டியைக் கருக்கினாள். காப்பியில் மாத்திரையைப் போட்டு, கரையும்வரை கலக்கினாள். மாஷ் குடித்து முடித்தான். கோப்பையின் அடியில் தங்கியிருந்த வண்டலை விரலால் சுற்றி வழித்து, துளியும் வீணாகாமல் அவன் நாக்கில் தடவினாள்.