யாரும் வராத எல்லைச் சாவடி

ஆரஞ்சுத் தோல், ஈரக் கம்பளிக் கோட்டு, யாரோ பிளாஸ்கில் கொண்டுவந்த காபி... 1998 நவம்பரில் நியூரம்பெர்க்கிலிருந்து பெர்லினுக்குப் போன இரவு பஸ்ஸின் வாசனை இதுதான். அதோடு என் பங்குக்கு எலுமிச்சை சாதம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நியூரம்பெர்க் பக்கத்தில் இருக்கும் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் மூன்று மாத புராஜெக்ட்டுக்காக சென்னையிலிருந்து போயிருந்தேன். ஜெர்மனியில் ஆறு வாரம் ஆகியிருந்தது. பெர்லினைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை.

பொட்டலத்தைப் பிரித்ததும் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பினார். முப்பது வயது இருக்கலாம். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் குழந்தைக்கான வெள்ளைக் கம்பளிக் குல்லா தெரிந்தது.

"தமிழோ?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உந்த மணம் டிரைவருக்கே சொல்லிப்போட்டுது. இந்தியா ஆக்கள் சந்திரனுக்குப் போனாலும் எலுமிச்சம் சோறு கட்டிக்கொண்டுதான் போவியள்."

சிரித்துவிட்டேன். கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். வேண்டாம் என்றார். "இண்டைக்குத் தொண்டைக்குள்ளால ஒண்டும் இறங்காது தங்கச்சி."

பிறகு மெல்லிய குரலில் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர். அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. மனைவியை பெர்லினிலும் இவரை நியூரம்பெர்க் பக்கத்து விடுதியிலும் வைத்திருக்கிறார்கள். எழுத்தில் அனுமதி இல்லாமல் இவர் தன் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது.

"நாளைக்குக் காலமை மனிசிக்கு ஒப்பரேசன். முதல் பிள்ளை. அனுமதி கேட்கப் போனால் அடுத்த கிழமைதான் டெர்மின், அதுதான் அப்பொயின்ட்மென்ட், எண்டு சொல்லிப்போட்டினம். பிள்ளை டெர்மின் எடுத்தோ வரும்?"

நான் நம்பவில்லை. கட்டிய மனைவியை ஒரு ஊரிலும் கணவனை ஒரு ஊரிலும் எந்த அரசாங்கம் வைக்கும் என்று யோசித்தேன். வைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

"வழியில பொலிஸ் ஏறினால், என்னை உங்கட அண்ணன் எண்டு சொல்லேலுமோ? நீங்கள் இங்கிலிஸ் கதைப்பியள். உங்களைக் கண்டால் கனக்கக் கேட்க மாட்டினம்."

"சாரி அண்ணா... என் விசாவே மூணு மாசம்தான். பொய் சொல்லி மாட்டிக்கிட்டா எனக்குப் பிராப்ளம் ஆயிடும்."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார்.

தூங்கிப்போனேன். விழித்தபோது பஸ் நின்றிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. உள்ளே எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

வெளியே மூடுபனி. பெரிய கான்கிரீட் வெளி. வரிசையாக உயரமான விளக்குக் கம்பங்கள், ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. கண்ணாடி உடைந்த ஒரு சிறிய சாவடி. கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தபோது அதன் எல்லையாக இருந்த இடம் அது. அந்த நாடே போய் எட்டு வருடம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அந்தச் சரசரப்பைக் கேட்டேன். பின்னால், முன்னால், எல்லாப் பக்கமும். வயதான பயணிகள் கோட்டுப் பைகளிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து, மார்புக்கு நேராகப் பிடித்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. பனி உள்ளே வந்தது. வேறு யாரும் வரவில்லை.

பக்கத்தில் இருந்தவர் என்னிடம் மறுபடி எதுவும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"என்னோட இருந்தால் உங்களுக்கும் கரைச்சல், தங்கச்சி."

மூன்று வரிசை தள்ளி, காலியாக இருந்த சீட்டில் போய் உட்கார்ந்தார். அந்த பஸ்ஸில் கையில் எதையும் பிடிக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். இல்லை, குல்லாவைப் பிடித்திருந்தார்.

"இங்கேயே உட்காருங்க" என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல்கூட இல்லை... நான் சொல்லவில்லை.

ஏழு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கதவு மூடியது, விளக்குகள் அணைந்தன, பஸ் கிளம்பியது. பாஸ்போர்ட்டுகள் பைகளுக்குள் திரும்பின. ஒரு கிழவர் குறட்டையைக்கூட விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

விடியற்காலை பெர்லினில் பெட்டியை எடுத்துக் கொடுத்த டிரைவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், வழியில் ஏன் நின்றோம் என்று. "நிற்கவில்லை" என்றார். "இந்த பஸ் வழியில் எங்கும் நிற்காது. இருபது வருடமாக நான் ஓட்டும் சாலை." கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னது போல்தான் இருந்தது.

இருபது வருடம் அதே சாலையில் ஓட்டியவரின் கை, தூக்கக் கலக்கத்தில் தானாகத் திரும்பியிருக்கும். விளக்கு எரிந்ததும் மற்றவர்களுக்குப் பழைய பழக்கம் வந்திருக்கும். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிவிடுவேன்.

ஒன்றுக்கு மட்டும் முடியவில்லை. அந்த எல்லையை முன்பு ஒருமுறைகூடக் கடந்திராத என் கையிலும் பாஸ்போர்ட் படப் பக்கத்தில் திறந்திருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது.

பெர்லினில் பஸ் நின்றதுமே யாழ்ப்பாணத்துக்காரர் இறங்கி, "வாறன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஓடினார். பெயர்கூடக் கேட்கவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா, பிறந்தது ஆணா பெண்ணா... எதுவும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இப்போது அன்றைய என் வயதைவிடக் கூடுதலாக இருக்கும்.

போன மாதம் ஒரு கருத்தரங்குக்காக மறுபடி ஜெர்மனிக்குப் போனபோது அதே வழியில் இரவு பஸ். டிக்கெட் போனில், சீட்டுக்கு சீட் சார்ஜர், வைஃபை. பாதி பஸ் காலி. மேப்பில் நீலப் புள்ளி அந்த இடத்தை நெருங்கியபோது ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். இருட்டு. பஸ் வேகம்கூடக் குறையவில்லை. யாரும் விழிக்கவில்லை.

பக்கத்து சீட்டில் என் கைப்பை இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பெர்லின் வரை அந்த சீட்டைக் காலியாகவே விட்டிருந்தேன்.