தலைவர் வரும்வரை அசுரன் சாகக்கூடாது

கீபோர்டு வாசிக்க இரண்டு கை போதும் என்று நினைப்பவர்கள் ஆடி மாதத்தில் எங்கள் ட்ரூப்போடு லாரியில் ஏறிப் பார்க்க வேண்டும். ஒரு கை வாசிக்க, ஒரு கை ஆடுகிற ஸ்டாண்டைப் பிடிக்க, கொசு அடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

நாங்கள் போடுவது அம்மன் கதை. சினிமா மெட்டில் பக்திப் பாட்டு, நடுவில் வசனம், கடைசியில் அசுர வதம். ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரை கூழ் ஊற்றும் கோயில்களில் எங்களுக்கு மேடை உண்டு. ட்ரூப்பின் சொந்தக்காரர் டோமினிக் அண்ணன். ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து, மாலையில் மகிஷாசுரனாக நிற்பார். அம்மன் வேஷம் சரளா அக்கா. காலையில் காசிமேட்டில் மீன் விற்கும் அதே குரலில்தான் சாபமும் கொடுப்பார்.

ஆடி முடிந்தால் எனக்கு வேலை இல்லை. "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால் என் மாமனார் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அப்படி ஒரு ஆடி தொடங்கும் சமயத்தில்தான் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மியூசிக் மாஸ்டர் வேலை காலி என்று தெரிந்தது. மேற்கத்திய இசையில் தியரி பரீட்சை பாஸ் பண்ணிய சர்டிபிகேட் வேண்டுமாம். மாதச் சம்பளத்து ஆசையில் படிக்க உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் பரீட்சைக்குப் படித்த என் இனத்துப் பாவிகளுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

சோகத்துக்கு ஒரு ஸ்கேல்

படித்ததை உடனே யாரிடமாவது காட்டாவிட்டால் புது மாணவனுக்குச் சோறு இறங்காது. தண்டையார்பேட்டையில் மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். சரளா அக்கா பவுடர் பூசிக்கொண்டிருந்தார். அம்மன் புலம்பும் பாட்டை இத்தனை நாள் மேஜர் ஸ்கேலில் வாசித்தது தப்பு, சோகத்துக்கு மைனர்தான், அதில் மூன்றாவது ஸ்வரம் கொஞ்சம் இறங்கும், கேட்டால் கல்லும் கரையும் என்று அவருக்கு வகுப்பெடுத்தேன். வாசித்தும் காட்டினேன். மைக்செட்காரர்கூடக் கரையவில்லை, டீ வந்துவிட்டதா என்று கேட்டார்.

அக்கா கண்ணாடியிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "நீ எத்த வேணா ஏத்திக்கோ, எறக்கிக்கோ. நான் மூக்குத்திய கயட்டி வெச்சுட்டு நின்னேன்னா முன்வரிசைல கீற பொம்பளைங்க அல்லாரும் அயுவாளுங்க."

அசுரனுக்குப் பொன்னாடை

தியரியில் எனக்கு முழுசாகப் புரிந்த பாடம் ஒன்று உண்டு. மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தினால் அது ஒரு கார்டு. ஐந்தாம் கார்டு வாசித்தால் கேட்பவன் மனசு அந்தரத்தில் நிற்கும். அடுத்து ஒன்றாம் கார்டுக்கு வந்தால்தான் பாட்டு முடிந்த மாதிரி இருக்கும். இதற்குக் கேடன்ஸ் என்று பெயர். எங்கள் நாடகத்தில் அம்மன் சூலம் ஓங்கும்போது ஐந்து, அசுரன் விழும்போது ஒன்று.

எண்ணூரில் அக்கா சூலத்தை ஓங்கினார். நான் ஐந்தை அழுத்தினேன். அதற்குள் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடை ஏறி வந்து, தலைவர் மணலி தாண்டிவிட்டார், அவர் பொன்னாடை போட்ட பிறகுதான் வதம் என்று என் காதில் சொன்னார். தலைவர் என்றால் பந்தல் செலவை ஏற்றுக்கொண்ட உள்ளூர்ப் பெரிய மனிதர். எங்கள் தொழிலில் இது சகஜம். அக்கா ஓங்கிய கையை இறக்கவில்லை. அண்ணன் ஒரு காலை மடக்கி, சாகத் தயாராக நின்றார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் அவர் ஒட்டு மீசையில் படிந்தது. நான் ஐந்திலேயே உருட்டிக்கொண்டிருந்தேன்.

தலைவர் ஒருவழியாக வந்து பொன்னாடை போர்த்தியதும், அண்ணன் அந்தப் பொன்னாடையோடேயே செத்தார். அதற்கு முன்னால், அண்ணனுக்குக் கால் மரத்துவிட்டது, முடித்துவிடலாமா என்று கமிட்டிக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "இன்னா நைனா பேசற? அசுரன் பூட்டான்னா ஜனம் எய்ந்து வூட்டுக்குப் பூடும். தலீவரு வந்து நாற்காலிக்கா கும்புடு போடுவாரு?"

பரீட்சை ஹாலில்

கேள்வித்தாளில் ஒரு மெட்டைக் கொடுத்து, கேடன்ஸ் எழுதி முடிக்கச் சொல்லியிருந்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஐந்தை எழுதினேன். கை அங்கேயே நின்றுவிட்டது. தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது. யாரும் வரவில்லை. மறுபடியும் ஐந்து எழுதினேன். பாதுகாப்புக்கு, திரும்ப வாசிக்கவும் என்கிற குறியையும் போட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் பாட்டை முடிக்கவே இல்லை என்பது உறைத்தது. ஒரு ஆடி மாதம் முழுக்கப் பழகிய விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

ரிசல்ட் வந்தது, ஃபெயில். அவமானமாக இருந்தது. இனி மாமனார் சாகும்வரை மழையைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. ஆறுதலுக்கு டோமினிக் அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மனிதர் முழுசாகக் கேட்டுவிட்டு, ரொம்ப அக்கறையாக விசாரித்தார்: "அங்கயும் தலீவரு லேட்டா மாமு?"

ஆண்டு விழா

சர்டிபிகேட் இல்லாமல் வேலை இல்லை என்று பள்ளியின் பிரின்சிபால் மேடம் கண்டிப்பாகச் சொன்னார். பிள்ளைகள் போடும் பாட்டு நாடகத்துக்கு மட்டும் ஒரு நாள் வந்து வாசித்துக் கொடுக்க முடியுமா என்று அதே மூச்சில் கேட்டார். ஆத்திரமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன். இந்தத் தடவை யார் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்துக்கு அடுத்து ஒன்றுதான் என்று சபதம் எடுத்துக்கொண்டு கீபோர்டில் கை வைத்தேன்.

கடைசிக் காட்சியில் இளவரசி ராட்சசன்மேல் கத்தியை ஓங்கினாள். ஐந்தை அழுத்தினேன். விரல் ஒன்றுக்குப் போகிற நேரத்தில் மேடம் பட்டுப்புடவை சரசரக்க என் பக்கம் குனிந்து, சீஃப் கெஸ்ட் டோல்கேட்டில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார், அவர் வராமல் முடித்துவிடாதீர்கள் என்றார். சபதம் காற்றில் போனது. ஐந்தை விதவிதமாக உருட்டினேன். ராட்சசன் கொட்டாவி விட்டானே தவிர, பெற்றோர்களில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. சீஃப் கெஸ்ட் வந்து, போட்டோ எடுத்து முடித்த பிறகு ராட்சசன் விழுந்தான். கைதட்டலுக்கு நடுவே மேடம் மறுபடி குனிந்தார். "சர்டிபிகேட் கெடக்குது சார், திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க. விளையாட்டு விழாவுக்கும் இவர்தான் சீஃப் கெஸ்ட்."

எந்தக் கார்டு எங்கே போய் முடிய வேண்டும் என்பதை வெள்ளைக்காரன் புத்தகமாகவே எழுதி வைத்துவிட்டான். எப்போது முடியலாம் என்று சொல்வதற்கு மட்டும் எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் வந்து இறங்க வேண்டியிருக்கிறது.