பதினெட்டு நிமிடத்தில் பளபளத்த வீடு

சிங்கப்பூர் வாழ் பெருமக்களுக்கு முக்கிய அறிவிப்பு: இன்று பதினெட்டே நிமிடத்தில் ஒரு வீடு பளபளவென்று ஆகிவிட்டது. செய்தவன் நான்.

லிட்டில் இந்தியாவில் பயணிகள் வந்து தங்கும் சர்வீஸ் அபார்ட்மெண்ட்களைச் சுத்தமாக வைத்திருப்பது அம்மாவின் பொறுப்பு. இன்று வேலையாள் வரவில்லை.

"மூணு மணிக்கு அடுத்த கெஸ்ட். அதுக்குள்ள நீ முடிச்சாதான் தெம்பனிஸ் போறது, பேட்மிண்டன் ஆடுறது எல்லாம்," என்று அம்மா சாவியை என் கையில் திணித்தார்.

முடிந்ததும் அம்மா வந்து கட்டிலுக்கு அடியில் விரலால் தேய்த்துப் பார்த்தார். தூசி இல்லை.

"டேய், நெஜமாவே நீயா?"

"திறமை லா, மா."

பூரித்துப்போய் நாளைக்கு மூன்று வீடுகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் போனபோது, கப்பல் பட்டறையில் வேலை செய்யும் மகனைப் பார்க்க மதுரையிலிருந்து வந்து தங்கிய ஆன்ட்டி இன்னும் கிளம்பவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அது எங்க வேலை!"

"தங்குன வீட்டப் போட்டது போட்டபடி விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? தள்ளி நில்லு தம்பி, ஈரம்."

நான் கொண்டுபோன புது விரிப்பையும் பிடுங்கி அவரே விரித்தார்.

ஈரத்தரையில் செருப்போடு நடந்து, அந்தத் தடத்தைத் துடைத்தது மட்டும்தான் என் பங்கு.

நாளைக்கு மூன்று வீடு காத்திருக்கிறது; மாப் பிடிக்கத் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் கை தூக்குங்கள். எனக்குத் தெரியாது.